ராம்நாட்டிலிருந்து பனியூருக்கு: மாணவர் கையில் வேகக் கார் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், தொண்டி என்று நம் கரையோர ஊர்களிலிருந்து கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் படிக்கப் போகும் பிள்ளைகளில் கார்ப் பைத்தியம் பிடித்தவர்கள் நிறைய. முதல் செமஸ்டர் முடிவதற்குள் ஏதாவது ஒரு விளம்பரத்தை வாட்ஸப்பில் தட்டிவிட்டு, "அண்ணே, பழைய சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் கார், விலை கம்மியா வருது, எடுக்கலாமா?" என்று கேட்பார்கள். ஊரிலேயே இருப்பவர்கள் கேட்பது வேறு. வாப்பா வாங்கிக் கொடுத்த போலோ ஜிடி காரை உப்புக் காற்றிலிருந்து எப்படிக் காப்பாற்றுவது என்று. இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டியதில் பாதி ஒன்றுதான் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன். கனடா என்று வரும் இடத்தில் பெரும்பாலும் ஒன்டாரியோ மாகாணத்தை வைத்துச் சொல்கிறேன். என்னிடம் கேட்பவர்களில் பலர் அங்கேதான் இருக்கிறார்கள்.

படிக்கும்போதே இப்படி ஒரு கார் தேவையா?

தேவையில்லை. ஆசை இருக்கிறது, அது வேறு விஷயம். ஆசையைத் தப்பென்று சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் கணக்கை எங்கிருந்து போடுகிறோம் என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். காரின் விலையிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது இன்சூரன்ஸிலிருந்து.

நம் ஊரில் இன்சூரன்ஸ் என்றால் வண்டியைப் பார்த்துப் போடுவது. 1,000 சிசி வரை உள்ள காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897, வரி தனி. 2022இல் வந்த கட்டணம் இது. ஓட்டுவது பதினெட்டு வயதுப் பையனா, அறுபது வயது வாத்தியாரா என்று அதில் யாரும் கேட்பதில்லை. கனடாவில் வண்டியைவிட ஓட்டுபவரைத்தான் முதலில் பார்ப்பார்கள். 25 வயதுக்குக் கீழே, நாட்டுக்குப் புதுசு, லைசென்ஸ் புதுசு, கேட்பது டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளிப் பலம் கூட்டும் கருவி) வைத்த வண்டி என்று நான்கும் சேர்ந்தால், கார் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் ஒரு தொகையை ஒரு வருஷத்துக்குச் சொல்வார்கள். கேட்டதும் மயக்கம் வரும். மாதக் கட்டணமாகப் பிரித்துச் சொல்லும்போது சின்னதாகத் தெரியும், பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள்.

ஆகவே வரிசை இதுதான். பிடித்த வண்டியின் மாடல், வருஷம் எழுதிக்கொண்டு முதலில் இன்சூரன்ஸ் விலை கேளுங்கள். பொதுவாக, அதே வருஷத்துச் சாதாரண ஹோண்டா சிவிக்குக்கு ஒரு விலையும் டபிள்யூஆர்எக்ஸுக்கு வேறு விலையும் சொல்வார்கள். அந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகும் ஆசை மிச்சமிருந்தால் கார் பார்க்கப் போங்கள். கனடாவில் வெளிநாட்டு மாணவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்று 2024 நவம்பரிலிருந்து விதி. அந்த 24 மணி நேரச் சம்பளத்தில்தான் வாடகை, சாப்பாடு, இன்சூரன்ஸ், டயர் எல்லாம்.

நம்ம ஊர் லைசென்ஸ் அங்கே செல்லுமா, காக்கா (அண்ணா)?

ஒன்டாரியோவில் குடியேறியவருக்கு 60 நாள் வரை செல்லும். அதற்குள் அங்கத்திய லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். ஜி1, ஜி2, ஜி என்று மூன்று படி. ஜி1 எழுத்துத் தேர்வு. அதை வைத்துத் தனியாக ஓட்ட முடியாது, பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் உட்கார வேண்டும்.

இங்கேதான் ராம்நாடு ஆர்டிஓ அலுவலகம் உதவும். இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டிய அனுபவம் இருந்து, அதை எழுத்தில் காட்ட முடிந்தால், எழுத்துத் தேர்வு முடித்ததும் காத்திருக்காமல் நேராகக் கடைசிப் படியான ஜி ஓட்டுத் தேர்வுக்கே போகலாம். காட்ட முடியாவிட்டால் ஒரு வருஷ அனுபவத்துக்கு மேல் கணக்கில் எடுக்க மாட்டார்கள். லைசென்ஸ் எப்போது கொடுத்தது, எந்த வகை வண்டிக்கு என்று அலுவலகத்திலிருந்து ஒரு சான்று வாங்கி, அதை உறுதிப்படுத்தும் வேலையையும் பாருங்கள். ஊரில் இருக்கும்போதே இதை முடித்துவிட்டால் நல்லது. விமானம் ஏறிய பிறகு மாமாவை அனுப்பி வாங்கச் சொல்வது பெரும்பாடு. சில இன்சூரன்ஸ் கம்பெனிகள் பழைய அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்பதால் இந்தத் தாளுக்குப் பணமதிப்பும் உண்டு.

முன்சக்கரம், பின்சக்கரம், நான்கு சக்கரம்: பனிக்கு எது?

மாணவர்கள் கையில் புழங்கும் வேகக் கார்களை வைத்தே சொல்கிறேன். ஹோண்டா சிவிக் எஸ்ஐ, ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ இரண்டும் முன்சக்கர இழுவை. ஃபோர்டு மஸ்டாங், டொயோட்டா ஜிஆர்86, சுபாரு பிஆர்இசட் மூன்றும் பின்சக்கரத் தள்ளல். சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், கோல்ஃப் ஆர் நான்கு சக்கரமும்.

என் கட்சி முன்சக்கரம். எஞ்சினின் பாரம் இழுக்கும் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். பிடி விட்டால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், சுற்றாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். இன்சூரன்ஸும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் இரக்கமாக இருக்கும். ஒரு நல்ல சிவிக் எஸ்ஐ போதும், தம்பி. மஸ்டாங்கை வைத்துக்கொண்டு பனியில் ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். நல்ல டயர் போட்டு, மெதுவாகக் கால் வைத்தால் ஓடும். முதல் குளிர்காலத்திலேயே அதைப் பழக வேண்டும் என்ற அவசியம் என்ன?

டபிள்யூஆர்எக்ஸ் நான்கு சக்கரமும் இழுக்குமே, அதுக்கும் பனி டயர் வேணுமா?

வேண்டும். நான்கு சக்கர இழுவை கிளம்புவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. பிரேக் எல்லாக் காரிலும் நான்கு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. சிக்னலில் மற்றவர்களை முந்திக்கொண்டு கிளம்பும் அந்த வண்டி, அடுத்த சிக்னலில் அவர்களைவிடச் சீக்கிரம் நின்றுவிடாது. கிளம்பும்போது வழுக்கவில்லை என்பதால் ரோடு நன்றாக இருக்கிறது என்று ஓட்டுபவர் நம்பிவிடுகிறார். பள்ளத்தில் கிடக்கும் வண்டிகளில் நான்கு சக்கர இழுவை வண்டிகளையும் பார்க்கலாம் என்றால் காரணம் அதுதான்.

டயர் ரப்பரில்தான் எல்லாம் இருக்கிறது. கோடைக் காலத்து வேக டயர் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே இறுகத் தொடங்கும். பனி விழ வேண்டும் என்றுகூட இல்லை. வெயில் அடிக்கும் காய்ந்த ரோட்டிலேயே நவம்பர் காலையில் பிடி குறையும். குளிர்கால டயரின் ரப்பர் கலவை வேறு. மைனஸிலும் மிருதுவாக இருக்கும், மேலே மெல்லிய கத்திக் கீறல் போல நூற்றுக்கணக்கான பிளவுகள் இருக்கும். அந்தப் பிளவுகள் திறந்து மூடிப் பனியைக் கவ்வும். பக்கவாட்டில் மூன்று முகட்டு மலையும் நடுவில் பனித்துகளும் போட்ட முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் எம் பிளஸ் எஸ் எழுத்து இருந்தால் அது சேறுக்கும் பனிக்கும் ஆகும் என்று தயாரிப்பாளர் தாமே போட்டுக்கொண்டது. ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து அந்த எழுத்து மட்டும் உள்ள டயர் குளிர்கால டயராகச் செல்லாது, மலை முத்திரை வேண்டும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. ஆனால் போட்டவருக்கு இன்சூரன்ஸில் தள்ளுபடி கொடுக்க வேண்டும் என்று 2016இலிருந்து விதி இருக்கிறது. கேட்காதவருக்குத் தானாக வந்து சேரும் என்று இருக்காதீர்கள், கேளுங்கள்.

நான்கும் போட வேண்டும். இழுக்கும் இரண்டுக்கு மட்டும் போட்டு மிச்சம் பிடிக்கப் பார்த்தால், பிரேக் பிடிக்கும்போது பிடியில்லாத பாதி முந்திக்கொண்டு வண்டி திரும்பிவிடும்.

வேகக் காருக்கு இதில் ஒரு லாபமும் உண்டு. 18 அங்குல ரிம்மோடு வந்த வண்டிக்குக் குளிர்காலத்துக்கென்று 17 அல்லது 16 அங்குலச் சாதா ரிம் ஒரு செட் வாங்கி அதில் பனி டயரை மாட்டிவிடலாம். பிரேக் காலிப்பர் (பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) இடிக்காத அளவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டயரின் சுவர் உயரமாக இருப்பதால், தண்ணீர் உறைந்து உருகி உண்டாகும் பள்ளத்தில் விழுந்தாலும் ரிம் வளையாது. சின்ன அளவில் டயர் விலையும் குறைவு. அழகான அலாய் ரிம் உப்பில் நனையாமல் நிலவறையில் தூங்கும். காற்றையும் அடிக்கடி பாருங்கள். ஒவ்வொரு 5, 6 டிகிரி குளிருக்கும் ஒரு பிஎஸ்ஐ அழுத்தம் இறங்கும். செப்டம்பரில் அடித்த காற்று ஜனவரியில் இருக்காது.

கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா?

எதுவானாலும் சரி. ஊரில் கியர் வண்டி ஓட்டிப் பழகியவருக்கு இரண்டாம் கியரில் மெதுவாகக் கிளம்புவது கைவந்த கலை, பனியில் அது உதவும். அங்கே கியர் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால் நண்பர்கள் சாவியைக் கேட்க மாட்டார்கள். இதுவும் ஒரு பாதுகாப்புதான்.

மைனஸ் இருபதில் டர்போ எஞ்சின் தாங்குமா?

தாங்கும், எண்ணெய் சரியாக இருந்தால். ஊட்டிக்குப் போனால் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடுகிறதே, அது போல எஞ்சின் ஆயிலும் குளிரில் தடிக்கும். ஆயில் டப்பாவில் 0டபிள்யூ, 5டபிள்யூ என்று இருப்பதில் டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண்தான் குளிரில் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதைச் சொல்கிறது. குறைவாக இருந்தால் குளிருக்கு நல்லது. ராம்நாட்டு மெக்கானிக் ஷெட்டில் கெட்டியான ஆயில் எஞ்சினுக்கு நல்லது என்பார்கள். அந்த யோசனை அங்கே எடுபடாது. தயாரிப்பாளர் சொன்ன எண்ணை ஊற்றுங்கள்.

டர்போவின் சுழல்தண்டு ஆயில் படலத்தின் மேலேதான் சுற்றுகிறது. ஆயில் சூடாகும் முன்னால் மிதித்தால் முதலில் அடிபடுவது அதுதான். ஸ்டார்ட் செய்து ஒரு நிமிஷம் விட்டு, பிறகு பத்து நிமிஷம் மெல்ல ஓட்டுங்கள். அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டுச் சூடேற்றுவது பெட்ரோலுக்கும் கேடு, ஆயிலுக்கும் கேடு. கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று அர்த்தமில்லை, ஆயில் பின்னால்தான் வரும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, எஞ்சின் அதைக் குடித்ததும் வண்டி வழக்கத்தைவிடத் துள்ளும். ரோடு வழுக்கும் நாளில்தான் எஞ்சினுக்கு இந்த உற்சாகம் வரும்.

பேட்டரி பழசாக இருந்தால் டிசம்பருக்கு முன்னால் மாற்றிவிடுங்கள். மைனஸ் 18 வாக்கில் அதன் பலம் பாதியளவுக்கு விழுந்துவிடும், எஞ்சினோ சுற்றுவதற்கு வழக்கத்தைவிட அதிகம் கேட்கும். மனிடோபா, சஸ்காட்சுவான் மாகாணங்கள் பக்கம் படிக்கப் போனால் பார்க்கிங்கில் காருக்கு முன்னால் கரண்ட் பிளக் நிற்பதைப் பார்ப்பீர்கள். எஞ்சினைச் சூடாக வைக்கும் ஹீட்டருக்கு அது.

இன்னொன்று கூலன்ட். நம் ஊரில் ரேடியேட்டர் குறைந்தால் குடத்துத் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். அதுவும் உவர் தண்ணீராக இருந்தால் உள்ளே உப்புப் படிந்து அடைக்கும், அவ்வளவுதான் கேடு. அங்கே தண்ணீர் ஊற்றினால் ஒரே இரவில் உறைந்து விரிந்து எஞ்சின் பிளாக்கையே வெடிக்க வைக்கும். கண்ணாடி கழுவும் நீரும் மைனஸ் 40 என்று எழுதியதாக வாங்குங்கள்.

ரோட்டில் உப்புக் கொட்டுகிறார்களாமே? துரு எவ்வளவு மோசம்?

இந்தக் கேள்வியை வாலிநோக்கம் உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவன் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். அதே சோடியம் குளோரைடுதான். நாம் கடல்நீரைப் பாத்தியில் காயவைத்து எடுக்கிறோம். ஒன்டாரியோவில் கோடரிச் என்ற ஊரில் ஹுரான் ஏரிக்கு அடியே, 500 மீட்டருக்கும் கீழே, உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. கனடாவில் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் உப்பு ரோட்டில் விழுகிறது. உப்பு கலந்தால் தண்ணீரின் உறைநிலை இறங்கும். நடைமுறையில் மைனஸ் 10 வரை பயன் தரும். அதற்குக் கீழே மக்னீசியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு என்று கரைசல்களைத் தெளிப்பார்கள்.

உப்பு காய்ந்து கிடக்கும்வரை இரும்புக்குப் பெரிய ஆபத்து இல்லை. ஈரம் சேர்ந்தால்தான் வேலையைக் காட்டும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதா உப்பு தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கிவிடும். மக்னீசியம், கால்சியம் குளோரைடுக்கு 30 சதவீதத்தை ஒட்டி இருந்தாலே போதும். அதனால்தான் கரைசல் தெளிக்கும் ரோடுகளில் வண்டி இன்னும் சீக்கிரம் துருப்பிடித்துப் போகிறது. குளிர் கடுமையாக இருக்கும் ஜனவரியில் துரு கிட்டத்தட்டத் தூங்கும். மார்ச்சில் ரோடு உருகும்போதுதான் எழுந்து தின்னும். பனி ஒட்டிய காரைச் சூடேற்றிய ஷெட்டுக்குள் தினமும் விடுவது அதற்கு விருந்து வைப்பதுதான். வெளியே குளிரில் நிறுத்துவது தேவலை.

நம் கரையில் அந்தத் தூக்கமும் கிடையாது. பாம்பனில், தங்கச்சிமடத்தில் இரவெல்லாம் காற்றில் ஈரம், பன்னிரண்டு மாதமும் சூடு. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது மன்னார் வளைகுடாப் பக்கத்திலிருந்தும், வாடை திரும்பினால் பாக் நீரிணைப் பக்கத்திலிருந்தும் உப்பு வரும். மாலையில் கழுவி நிறுத்திய காரின் பிரேக் டிஸ்க்கைக் காலையில் போய்ப் பாருங்கள். வெள்ளி நிறத்தில் பளபளத்தது முழுக்கச் செம்மஞ்சள் படிந்திருக்கும், விரலால் தொட்டால் மஞ்சள் பொடி போல ஒட்டும். தெருமுனை வரை ஓட்டி இரண்டு முறை பிரேக் பிடித்தால் கரகரவென்று சத்தம் கேட்டுப் போய்விடும். டிஸ்க்கில் இருப்பது தேய்ந்துவிடும், அடியில் இருப்பது தேயாது. அதை யார் பார்க்கிறார்கள்?

இந்தக் கரையின் உப்பை ஆராயவே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் ஒரு பிரிவு வைத்திருக்கிறது. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் துருவின் காரணமாக 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் என்ற தனிப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். ரயில்வேயே அவ்வளவு பயப்படும் காற்றில் ஒரு ஹேட்ச்பேக்கின் தகரம் எம்மாத்திரம்.

கனடாவில் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, பூஜ்யத்துக்குச் சற்று மேலே வெப்பம் ஏறும் நாளாகப் பார்த்து அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது. மேலே எவ்வளவு தேய்த்தாலும் அடியைக் கழுவாவிட்டால் பயனில்லை. இரண்டு, இலையுதிர் காலத்தில் ஆண்டுக்கொரு முறை அடியிலும் கதவுகளின் உட்புறத்திலும் துரு தடுக்கும் எண்ணெய் அடிப்பது. க்ரௌன் மாதிரிக் கடைகள் இதையே தொழிலாகச் செய்கின்றன. சில நாளைக்கு எண்ணெய் சொட்டும், வாடகை வீட்டு உரிமையாளர் முறைப்பார். கெட்டியான கறுப்புத் தார்ப் பூச்சை நான் சிபாரிசு செய்வதில்லை. அதில் ஒரு விரிசல் விழுந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பழைய வண்டி பார்க்கும்போது எங்கே கை வைத்துப் பார்க்கணும்?

பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். குனியுங்கள். பின்சக்கர வளைவின் உள்மடிப்பில் விரலை ஓட்டுங்கள், சொரசொரவென்று செதில் உதிர்ந்தால் அங்கே துரு உள்ளிருந்து வந்திருக்கிறது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரத்தை விரல் முட்டியால் தட்டுங்கள், டங் என்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே புட்டி பூசியிருக்கலாம். பிறகு பிரேக் பைப். பின்பக்கம் போகும் அந்த மெல்லிய இரும்புக் குழாய் ஓட்டையானால் ஒரு பிரேக் மிதியில் எண்ணெய் போய்விடும். பின் அச்சைத் தாங்கும் சட்டத்தையும் லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வேகக் கார்களில் வாங்கியவர் எஞ்சினைத்தான் கொஞ்சியிருப்பார், அடியை விட்டிருப்பார்.

வெளி மெக்கானிக்கிடம் காட்டக் கூடாது என்று விற்பவர் சொன்னால் அங்கேயே வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஒன்டாரியோவில் தனியாள் விற்கும்போது அரசு கொடுக்கும் வண்டி வரலாற்றுத் தொகுப்பு ஒன்றை வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும். அதில் கடன், பழைய உரிமையாளர் விவரம் இருக்கும். பாதுகாப்புச் சான்றிதழ் வேறு தாள். அது இருந்தால் அன்றைக்கு ரோட்டில் ஓடத் தகுதி என்பது மட்டுமே, நாளைக்கு உத்தரவாதமில்லை.

ஊரில் நிற்கும் காரை என்ன செய்வது? நான் திரும்பி வர ரெண்டு வருஷமாகும்.

விற்றுவிடுங்கள். இது பலருக்குப் பிடிக்காத பதில். 2022இல் போலோ தயாரிப்பே இந்தியாவில் நின்றுவிட்டது, இனிக் கிடைக்காது என்று பிடித்து வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். சரி, வைக்கத்தான் போகிறீர்கள் என்றால் கேளுங்கள்.

கடற்கரைத் தெருவில் நிறுத்தாதீர்கள். பரமக்குடியில் சொந்தக்காரர் வீட்டுக் கூடம் இருந்தால் அங்கே விடுங்கள். உப்பு கடலிலிருந்து தள்ளித் தள்ளிப் போகப் போக வேகமாகக் குறையும். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடுவது வேண்டவே வேண்டாம், ஈரம் உள்ளேயே சுற்றும். காற்றுப் புகும் துணி உறை போடலாம், அதையும் கழுவிய பிறகுதான் போட வேண்டும். கழுவுவதில்தான் நம் பக்கம் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். போர்வெல் தண்ணீரில் கழுவுவார்கள். நம் கரையோரத்தில் பல இடங்களில் அதுவே உவர். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர். காவிரித் தண்ணீர் வரும் நாளில் கடைசியாக நாலு வாளி அடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஹேண்ட் பிரேக் இழுத்து வைக்காதீர்கள், பின் பிரேக் துருவோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள், எலிக்கு ஏதாவது வழி செய்யுங்கள். வாரம் ஒரு தடவை தம்பியை விட்டு ஸ்டார்ட் செய்து அணைப்பதைவிட, மாதம் ஒரு தடவை இருபது கிலோமீட்டர் ஓட்டச் சொல்வது மேல். தம்பிக்குப் பதினெட்டு ஆகியிருக்க வேண்டும். ஆகாத பையனிடம் சாவி கொடுத்தால் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் பெற்றவருக்கோ வண்டி உரிமையாளருக்கோ வரும், மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ அது.

அவன் ஓட்டும்போது சீமைக்கருவேல முள்ளையும் நினைவில் வைக்கச் சொல்லுங்கள். வேலி வெட்டிப் போட்ட ஓரத்தில் இறக்கி நிறுத்தினால் சுவர் குட்டையான வேக டயரில் சத்தமில்லாமல் ஏறிவிடும். இரண்டு நாள் கழித்துத்தான் காற்று இறங்குவது தெரியும்.

பனியில் ஓட்ட எப்படிப் பழகுவது? ஊர்லயே ஏதாவது பயிற்சி செய்ய முடியுமா?

ஊரில் முடியாது. ஆனால் உணர்வு என்ன என்று தெரிந்துகொள்ள தனுஷ்கோடி ரோடு போதும். முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி அரிச்சல்முனை போகும் அந்த நேர் ரோட்டில், காற்றடித்த மறுநாள் காலை தார் மேலே மெல்லிய மணல் போர்வை கிடக்கும். தார் தெரியும், ரோடு காய்ந்தும் இருக்கும். அதன் மேல் பிரேக் பிடித்தால் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் அமைப்பு) காலுக்கடியில் தடதடவென்று அடித்துக்கொண்டு வண்டி நழுவும். பார்க்கச் சாதாரணமாக இருக்கிற ரோடு பிடி கொடுக்காமல் போவதுதான் பனிக்கட்டி ரோடும். அதற்காக அங்கே போய்ச் சுற்றி விளையாடாதீர்கள். இரண்டு பக்கமும் கடல், வேன் நிறைய யாத்ரீகர்கள்.

அங்கே போன பிறகு, முதல் பனி விழுந்ததும் காலியான பார்க்கிங் ஒன்றில் அனுமதியோடு மெதுவாகப் பழகுங்கள். முழு பிரேக் மிதித்து ஏபிஎஸ் அடிக்கும்போது காலை எடுக்காமல் இருக்கப் பழக வேண்டும், முதல் தடவை எல்லோரும் பயந்து எடுத்துவிடுவார்கள். வண்டி வழுக்கினால் எங்கே போக வேண்டுமோ அங்கே கண்ணை வையுங்கள், கை தானாக அங்கே திருப்பும். கம்பத்தைப் பார்த்தால் கம்பத்துக்குத்தான் போவீர்கள்.

மைனஸ் இருபதைவிடப் பூஜ்யத்தை ஒட்டிய நாள்தான் வழுக்கலில் மோசம். பனிக்கட்டிக்கு மேலே ஈரப் படலம் இருக்கும். பாலங்கள் ரோட்டுக்கு முன்னால் உறையும், கீழேயும் குளிர்காற்று ஓடுவதால். வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைக்கும் க்ரூஸ் கண்ட்ரோலைத் தொடாதீர்கள். முன்னால் போகும் வண்டிக்கு விடும் இடைவெளியை மூன்று மடங்காக்குங்கள். இடையில் ஒருவன் வந்து நுழைவான். நுழையட்டும்.

ரீமேப் (எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றிப் பலம் கூட்டுவது), எக்ஸாஸ்ட் மாற்றுவது, காரைத் தாழ்த்துவது: செய்யலாமா?

தாழ்த்திய கார் பனி வாரும் வண்டி ஒதுக்கிவிட்ட குவியலில் வயிறு மாட்டிக்கொண்டு நிற்கும். அதைத் தள்ள வரும் நண்பர்களிடம் வாங்கும் பேச்சுக்கே அந்த ஆசை போய்விடும். ரீமேப் செய்ததை இன்சூரன்ஸுக்குச் சொல்லாவிட்டால் விபத்து நடந்த அன்று பணம் கிடைப்பது சந்தேகம். சொன்னால் கட்டணம் ஏறும். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படையை மாற்றக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019இல் உறுதியாகச் சொல்லிவிட்டது.

வேகமும் அப்படியே. ஒன்டாரியோவில் மணிக்கு 80 கிலோமீட்டருக்குக் குறைந்த வேக எல்லையுள்ள ரோட்டில் 40 கிலோமீட்டர் கூடுதலாக, மற்ற ரோட்டில் 50 கூடுதலாகப் போனாலே ஸ்டன்ட் டிரைவிங் (சாகச ஓட்டம்) என்ற குற்றக் கணக்கு. அந்த இடத்திலேயே 30 நாள் லைசென்ஸ் நிறுத்தம், 14 நாள் வண்டி பறிமுதல். தண்டனை உறுதியானால் 2,000 டாலரிலிருந்து 10,000 வரை அபராதம். அதற்குப் பிறகு வரும் இன்சூரன்ஸ் விலையில் ஊரில் ஒரு நல்ல பழைய கார் வாங்கலாம்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

விலையைச் சொல்லாமல் மொத்தச் செலவைச் சொல்லுங்கள். துபாயில் இருபது வருஷம் கழித்த வாப்பாவுக்கு வண்டியைப் பற்றித் தெரியாது என்று நினைக்காதீர்கள். அவருக்கு உங்களைவிட அதிகம் தெரியும், பனியைத்தான் தெரியாது. உம்மாவுக்கு டயர் படத்தை அனுப்புங்கள், காரின் படத்தை வேண்டாம்.

படிப்பு முடிந்ததும் அந்தக் காரை ஊருக்கே கொண்டுவரலாமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய கார் இறக்குமதிக்கு மூன்று வருஷத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாக வர வேண்டும். கனடாவில் ஸ்டியரிங் இடப்பக்கம், கதை அங்கேயே முடிந்தது. வரி வேறு காரின் விலையைத் தாண்டும்.

அங்கேயே விற்றுவிடுங்கள், ஆனால் நேரம் பார்த்து. பின்சக்கர மஸ்டாங்கோ ஜிஆர்86ஓ நவம்பரில் கேட்பாரில்லாமல் கிடக்கும், ஏப்ரலில் வெயில் வந்ததும் ஆள் வரிசையில் நிற்கும். டபிள்யூஆர்எக்ஸுக்கு நேர்மாறு, முதல் பனிக்கு முன்னால்தான் கிராக்கி. குளிர்கால டயர் செட்டைக் காரோடு சேர்த்துக் கொடுக்காமல் அக்டோபர் கடைசியில் தனியாக விற்றால் கூடுதல் விலை கிடைக்கும். ரிம் அளவையும் டயரில் மிச்சமிருக்கும் ஆழத்தையும் விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள், தேவையில்லாத போன் பாதி குறையும்.